சிவகனியின் பழைய அட்டை

எடுத்தேனா, எடுக்கவில்லையா. எடுத்துவிட்டேன் என்றுதான் ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன், நினைத்துக்கொண்டுகூட இல்லை, மறந்தே போயிருந்தேன், மறந்துபோனாலே எடுத்துவிட்டதாகத்தான் அர்த்தம் என்று இருந்துவிட்டேன். இன்றைக்கு மத்தியானம் மூன்றரை மணிக்கு, பழைய அட்டைகளைக் கட்டுக் கட்டாக அவிழ்த்து உதறிக்கொண்டிருக்கும்போது, சொர்ணத்தம்மாவின் குரல் எங்கிருந்தோ வந்து காதுக்குள் நின்றது. "எஸ்தரு, அந்த அட்டைய மட்டும் எடுத்துரு தாயி." எடுத்திடுதேன்னு சொன்னேன். அவளுடைய மகள் சிவகனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள். சொன்ன வாய் ஞாபகமிருக்கிறது, என் வாய், எடுத்திடுதேம்மா நீங்க பயப்படாம போங்க. எடுத்த கைதான் ஞாபகமில்லை. இரும்பு பீரோவின் கீழ் இழுப்பறையில் போட்டுப் பூட்டியதுபோல ஒரு தோற்றம். கீழ் இழுப்பறையை இரண்டு தடவை கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். காய்ந்துபோன ஸ்டாம்ப் பேட், காது பார்க்கிற கருவியின் உடைந்த மூக்கு, ஒரு கரப்பான் பூச்சியின் கூடு. அட்டை இல்லை. அப்படியானால் இன்னொரு இடம்தான் இருக்கிறது. அது இதோ மேஜைமேல் இருக்கிறது, வெள்ளை நூலால் கட்டி, மேலே தங்கபுஷ்பம் குடும்பம் என்று என் கையால் எழுதியது, சிவகனி வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டு ஆட்கள் அஞ்சு மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொண்டு போகப்போகிறார்கள். அவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இருபது நிமிஷமாக அவிழ்க்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.

கிளினிக்கை மூடுகிறோம் என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. ஏரல் பஜாரில் டாக்டர் ஞானசிகாமணி இல்லாமல் எப்படி என்று கேட்டார்கள். எனக்கும் அப்படித்தான், இருபது வருஷம் இதே நாற்காலி, இதே மேஜை, மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த இதே கடிகாரம். இப்போது பெஞ்சுகளை ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், எடை பார்க்கிற மிஷினை இன்னொருவர். உள்ளறைச் சுவரில் எக்ஸ்ரே பார்க்கிற வெளிச்சப் பெட்டி மட்டும் யாருக்கும் வேண்டாம் என்று தொங்குகிறது. பெஞ்சு இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துபோன பிறகும் அவர்களின் நிழல் அங்கேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி. டாக்டரின் மகள் ஹெப்சிபா கோயம்புத்தூரிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஒழுங்கு சொல்லிவிட்டுப் போனாள். நல்ல பிள்ளை, ஒவ்வொன்றாக விரல் விட்டுச் சொன்னாள். கடைசி மூன்று வருஷத்துக்குள் வந்தவர்களின் அட்டைகளைப் பெட்டியில் அடைத்து அவளுக்கு அனுப்ப வேண்டும், யாராவது கேட்டால் அங்கிருந்து நகல் வரும். குடும்பத்தோடு கேட்டு வருகிறவர்களுக்கு அவர்கள் கட்டை இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். மிச்சப் பழசையெல்லாம் அழித்துவிட வேண்டும். எரிக்கக் கூடாது. எரித்தால் பாதி எரிந்தது பறந்துபோய் ஆற்றங்கரை வரைக்கும் விழும். பழைய பேப்பர் கடைக்குப் போடவே கூடாது, போட்டால் நாளைக்கு யாரோ ஒருவரின் மூலவியாதியில் கடலை மடித்துக் கொடுப்பான். அதனால் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிசைந்து கூழாக்கு என்றாள். வியாழக்கிழமையிலிருந்து அதுதான் என் வேலை. தரை துடைக்கிற பச்சை வாளி. பக்கத்து வீட்டுக் கனகமணி எட்டிப் பார்த்து, "ஏளா எஸ்தரு, அந்தக் கூழை எனக்குத் தா, வெந்தயம் அரைச்சுப் போட்டு சொளகு மெழுகுதேன். டாக்டர் அட்டையில மெழுகுன சொளகுல்லா, அதுல புடைச்ச அரிசியத் தின்னா காச்சல் வராது" என்றாள். சிரித்தேன். சிரித்துவிட்டு உள்ளே வந்து கொஞ்சம் அழுதேன், அதைச் சொல்லவா வேண்டும்.

ஒவ்வொரு அட்டையும் நனையும் முன்னால் ஒரு தடவை படித்துவிடுகிறேன். படிக்கக் கூடாதுதான். ஆனால் டாக்டர் எழுதுகிற விதம் அப்படி. மருந்துப் பெயரைத்தான் ஆங்கிலத்தில் எழுதுவார், வந்தவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே தமிழில் எழுதுவார். குதிகாலில் யாரோ ஆணி அடிக்கிறார்கள். சாப்பிட்டால் ஏப்பம் வருகிறது, சாப்பிடாவிட்டால் அழுகை வருகிறது. நெஞ்சுக்குள் புறா குதிக்கிறது, அய்யா. அந்த அய்யாவையும் எழுதிவிடுவார். வாழைத்தார் சுமக்கிற மாசானம் சொன்னது, தோளில் ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறான். மாசானம் செத்துப் பத்து வருஷம். அட்டையில் மட்டும் அந்த ஆள் இன்னும் இறங்கவில்லை. ஒரு நாள் நான் கேட்டேன், எதுக்கு டாக்டரய்யா இதையெல்லாம் எழுதுதிய, வலின்னு ஒத்தைச் சொல் போடக் கூடாதா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "வலின்னு எழுதினா அது என் வார்த்தை எஸ்தர். அடுத்த தடவை வரும்போது அவன் வார்த்தைய அவன்கிட்ட திருப்பிப் படிச்சுக் காட்டுனா, ஆமான்னு சிரிப்பான். பாதி வைத்தியம் அதுல முடிஞ்சுரும்" என்றார். பிறகு சாயங்காலம் வந்தவனின் அட்டையைப் படித்துக் காட்டினார், அவன் நிஜமாகவே சிரித்தான், எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதுதான் இப்போது பயமாகவும் இருக்கிறது. தமிழில் இருக்கிறது. சிவகனியின் பழைய அட்டையும் தமிழில்தான் இருக்கிறது, எழுத்துக்கூட்டத் தெரிந்த யாரும் படித்துவிடலாம், அவள் மாமியார் தங்கபுஷ்பத்தம்மா எழுத்துக்கூட்டுகிறவள்கூட இல்லை, பத்திரிகை முழுக்கக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறவள்.

கட்டு கட்டுவது என் ஏற்பாடு. நான் வந்தபோது அட்டைகளெல்லாம் நம்பர் வரிசையில் இருந்தன, ஆனால் இந்த ஊரில் யாருக்கு நம்பர் ஞாபகமிருக்கும். "மண்டி வீட்டு ரெண்டாவது மருமக" என்று வந்து நிற்பார்கள். அதனால் வீடு வீடாகக் கட்டினேன், அந்த வீட்டு மூத்த பெண்ணின் பெயரை மேலே எழுதினேன். பிள்ளை பிறந்தால் ஒரு அட்டை கூடும். யாராவது தவறிப்போனால் அட்டையின் மூலையைக் கத்தரித்துக் கடைசியில் வைப்பேன், வீசமாட்டேன். பெண்ணை உள்ளூரில் கட்டிக்கொடுத்தால் அவள் அட்டையை அம்மா வீட்டுக் கட்டிலிருந்து எடுத்து மாப்பிள்ளை வீட்டுக் கட்டில் சேர்ப்பேன். டாக்டர் அதைப் பார்த்து முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ன எஸ்தர், அட்டைக்கு மறுவீடா? சீர் என்ன குடுத்து அனுப்புத?" அதிலிருந்து அது எங்களுக்குள் ஒரு பேச்சாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகை வந்தால், எஸ்தர் அட்டைக்கு எப்ப மறுவீடு என்று கேட்பார். நானும் ஒரு குண்டூசி புதிதாக எடுத்துக் குத்தி, சீர் வச்சாச்சு டாக்டரய்யா என்பேன். எனக்கு மறுவீடு நடக்கவில்லை. என் அட்டை இன்னும் எங்க அம்மா கட்டிலேயே இருக்கிறது, மூலை கத்தரித்த அம்மாவின் அட்டைக்கு முன்னால். அது ஒரு குறையாகத் தோன்றியதில்லை, இன்றைக்குக் கட்டைக் கையில் எடுத்தபோது என்னவோ செய்தது, உடனே கைப்பைக்குள் வைத்துவிட்டேன், யாரும் கேட்டு வர மாட்டார்கள், நானே வாங்கிக்கொண்டதாக வைத்துக்கொள்ளலாம். சிவகனிக்கு எத்தனை மறுவீடு செய்தேன்? ஒன்றுதான். அவள் கல்யாணம் முடிந்த வாரம், வாசலில் கூட்டம், சிக்குன்குனியா காலம், முட்டியைப் பிடித்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருந்தது. சொர்ணத்தம்மா கட்டை எடுத்தேன். அதில் சிவகனியின் அட்டை இரண்டு, சின்ன வயது அட்டை நிறைந்துபோய் அடுத்தது போட்டிருந்தோம். இரண்டையும் குண்டூசியால் சேர்த்துக் குத்தியிருந்தது. குண்டூசியைக் கழற்றினேனா? யாரோ அந்நேரம் கூப்பிட்டார்களே, ஊசி போட்ட இடத்தில் ரத்தம் வருகிறதென்று. எழுந்துபோனேன். வந்தேன். வந்து என்ன செய்தேன்.

அவளுக்கு முதல் தடவை வந்தபோது பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றுகொண்டிருந்தவள் விழுந்தாள், தூக்கிக்கொண்டு வந்தார்கள், அவர்கள் இங்கே பெஞ்சில் போட்டுவிட்டுப் போன பிறகு, சொர்ணத்தம்மா வந்து நிற்கையில், மறுபடியும் வலிப்பு வெட்டியது. கால் உதைத்ததில் பெஞ்சு சுவரில் மோதி மோதித் தட்டியது, அந்தத் தட்டல் சத்தம் எனக்கு ரொம்ப நாள் போகவில்லை. சொர்ணத்தம்மா சாவிக்கொத்தைக் கையில் திணிக்கப் போனாள், டாக்டர் அதட்டினார், ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கு அடியில் தன் கையை வைத்துக்கொண்டு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்க எச்சில். முழித்ததும் அந்தப் பிள்ளை சொன்னது அட்டையில் இருக்கும். சுற்றிலும் ஒரே வெளிச்சமா இருந்துச்சு, அப்புறம் நான் இல்லை. முதலில் கொடுத்த மாத்திரை அவளுக்குச் சேரவில்லை, பத்து நாளில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, கண் மூடிப்போய் வந்தாள், டாக்டர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. தானே காரில் வைத்துத் தூத்துக்குடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். பிறகு வேறு மாத்திரை. ஐந்து வருஷம், மாதம் தவறாமல், ஆனால் எப்போதும் ஆள் இல்லாத மத்தியானத்தில், மருந்துக் கடையில் வாங்காமல் இங்கேயே வாங்கிக்கொண்டு. பிறகு நிறுத்தியது, நின்றது, மறுபடி வரவேயில்லை. ஊருக்குத் தெரியாது. சொர்ணத்தம்மா புருஷன் வீட்டுச் சொந்தங்களுக்கே தெரியாது, பள்ளிக்கூடத்தில் விழுந்ததைப் பட்டினி மயக்கம் என்று ஆக்கிவிட்டாள். தெரிந்தது நாலு பேருக்கு, அம்மா, மகள், டாக்டர், நான். சொர்ணத்தம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மூலை கத்தரித்தது நான்தான். டாக்டருக்குத் தெரியும் என்று சொல்ல முடியுமா இனிமேல்.

போன மாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு அட்டையை எடுத்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது யாரு எழுத்து எஸ்தர்? நல்லா எழுதியிருக்கானே" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் சிரிக்கப் போனேன். அவர் சிரிக்கவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரே ஆளிடம் மூன்று தடவை நாக்கை நீட்டச் சொன்னதெல்லாம் உண்டு, அதற்கு நான் ஒரு வழி செய்திருந்தேன், அவர் கேட்டு முடித்ததையெல்லாம் நான் பின்னால் நின்று மெதுவாகச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் தன் எழுத்தே தெரியவில்லை என்றான பிறகு நான்தான் ஹெப்சிபாவுக்குப் போன் போட்டேன். அந்தப் போனைப் போட்டதற்கு இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. ஹெப்சிபாவோடு ஊருக்குப் போகக் காரில் ஏறும்போது என் தலையில் கைவைத்து, "நீ நல்லா இரும்மா" என்றார். எஸ்தர் என்று சொல்லவில்லை. அவர் பென்சில் துண்டுகளைப் போட்டுவைக்கிற தகர டப்பா, பெப்பர்மின்ட் டப்பா அது, எனக்கு நினைவுக்கு இருக்கட்டும் என்று ஹெப்சிபாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத துண்டுகள். பென்சில் டாக்டர் என்றுதான் ஊரில் பாதிப் பேருக்கு அவர். நான் வருவதற்கு முன்னால், அந்தப் பெரிய வெள்ளத்தின்போது, ஆறு பஜாருக்குள் வந்து கிளினிக்குக்குள் இடுப்பளவு நின்றதாம். மூன்றாம் நாள் வடிந்த பிறகு கதவைத் திறந்தால், அட்டையெல்லாம் இருக்கிறது, எழுத்தில்லை. மை அத்தனையும் ஆற்றோடு போய்விட்டது, சுவரில் நீலமாக ஒரு கோடு மட்டும். பதினோரு வருஷத்துச் சனங்களைத் தாமிரபரணி கொண்டுபோய்க் கடலில் சேர்த்துட்டு எஸ்தர் என்று அவர் சொல்லும்போது, போன வருஷம் நடந்ததுபோல இருக்கும். அதிலிருந்து பேனாவைத் தொடவில்லை. இதையெல்லாம் எதற்கு இப்போது நினைக்கிறேன், கட்டை அவிழ்க்காமல் இருப்பதற்குத்தான். மணி நாலே முக்கால்.

வெள்ளிக்கிழமை தங்கபுஷ்பத்தம்மா பஜாரில் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். "எஸ்தரு, எங்க வீட்டுக் கட்டை ஒண்ணு விடாம எடுத்து வை. ஞாயித்துக்கிழம அஞ்சு மணிக்கு மேல வாரேன், இல்லன்னா ஆளனுப்புதேன். எங்க வீட்டுச் சீக்கு எங்க வீட்டுல இருக்கட்டும், உங்க டாக்டர் மக எதுக்குக் கோயம்புத்தூருக்குத் தூக்கிட்டுப் போவணும்?" சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மருமவளுக்கு அஞ்சு மாசம். ஆறு வருஷங் கழிச்சு முருகன் கண்ணத் தொறந்திருக்கான். யாருட்டயும் சொல்லாத, கண்ணு பட்டுரும்" என்றாள், சொல்லும்போதே சந்தோஷம் தாங்காமல் நாலு பேருக்குக் கேட்கும்படி. நல்ல மனுஷிதான். ஆனால் நாக்கு. அவளுடைய கொழுந்தன் மருமகளுக்குத் தேமல் இருந்ததை மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று ஊர் நடுவில் வைத்து என்ன பேச்சுப் பேசினாள், அந்தப் பிள்ளை அம்மா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் வரவேயில்லை. தேமலுக்கே அப்படி. அஞ்சு மாசப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு சிவகனி அந்த நடுவீட்டில் நிற்பதும், தங்கபுஷ்பத்தம்மா அட்டையைப் பிடித்துக்கொண்டு உரக்கப் படிப்பதும், சுற்றிலும் ஒரே வெளிச்சமா இருந்துச்சு, அப்புறம் நான் இல்லை, அதை அந்தக் குரலில் கேட்பதும். அவிழ்த்துவிட்டேன். நூல் முடிச்சு வரவில்லை, பல்லால் இழுத்தேன். தங்கபுஷ்பம், சர்க்கரை. அவள் புருஷன், மூலை கத்தரித்தது. மகன் ஜெயபால், அஞ்சு வயதில் மூக்கில் புளியங்கொட்டை. பிறகு சிவகனி. காய்ச்சல், சளி, காய்ச்சல், சீரகத் தண்ணி. இருக்கிறது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஒரே குண்டூசியில், துருப்பிடித்த குண்டூசியில், மஞ்சள் அட்டை. நான் சீர் வைத்து அனுப்பியிருக்கிறேன். ஆறு வருஷமாக அந்த வீட்டுக் கட்டில், யார் எப்போது அட்டை பார்க்கக் கேட்டாலும் எடுத்து நீட்டியிருக்கிறேன், புரட்டிப் பார்த்திருந்தால் போச்சு.

யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் கைப்பைக்குள் வைத்திருப்பேன், அம்மா கட்டோடு. குண்டூசியைப் பிடுங்கியதில் விரலில் குத்திக்கொண்டது. இரண்டாகக் கிழித்தேன், நாலாக, எட்டாக. அட்டை தடிமன், எட்டுக்கு மேல் கிழிபடவில்லை. வாளிக்குள் போட்டேன், மிதந்தன, கையால் அழுத்தி, மற்ற அட்டைகளுக்கு அடியில், மாசானத்தின் தோளுக்கு அடியில், கீழே கீழே தள்ளி, முழங்கை வரைக்கும் நனைந்து, அடியைத் தொட்டபோதுதான் மூச்சு வந்தது. எடுத்திட்டேன் சொர்ணத்தம்மா. லேட்டாகிட்டு, ஆனா எடுத்திட்டேன். கட்டை மறுபடி கட்டினேன். இரட்டை முடிச்சு. வாளித் தண்ணீர் கலங்கிக் கலங்கிப் பிறகு தெளிந்தது. என் முகம் அதில் தெரிந்தது. டாக்டருக்கு இதைச் சொன்னால் என்ன சொல்லுவார், எஸ்தர் அதுல என் எழுத்து மட்டுமா இருந்துச்சு, என்று கேட்பாரோ. கேட்க மாட்டார். அவருக்குத்தான் யார் எழுத்தென்று தெரியாதே. அப்படி நினைத்ததும், இந்த ஊரில் அந்தப் பிள்ளை விழுந்த நாளை இனிமேல் நான் ஒருத்திதான் வைத்திருக்கிறேன் என்று பட்டது, எனக்கும் மறந்துவிட்டால் அது நடக்கவே இல்லை. அதுதானே சொர்ணத்தம்மா கேட்டது. பிறகு ஏன் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ஈரம்தான், கார்த்திகை மாதத்துத் தண்ணீர்.

அஞ்சேகாலுக்கு வாசலில் பைக் நின்றது. தங்கபுஷ்பத்தம்மா இல்லை, மகன் ஜெயபால், மண்டியிலிருந்து நேராக வந்திருந்தான், சட்டையில் வாழைக் கறை. "எஸ்தரக்கா, அம்மா கட்டு வாங்கிட்டு வரச் சொன்னா" என்றான். எடுத்துக் கொடுத்தேன். நின்ற வாக்கிலேயே என் இரட்டை முடிச்சை அவிழ்த்தான். ஒவ்வொன்றாகத் தள்ளினான். அவன் அட்டையில் புளியங்கொட்டை வந்தபோதுகூடச் சிரிக்கவில்லை. சிவகனியின் அட்டையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தான். அதில் குண்டூசி இருந்த இரண்டு துளையைப் பார்த்தான்.

"அக்கா, இதுக்குப் பின்னால ஒண்ணு இருந்துச்சே. மஞ்ச அட்டை."

"அப்படி ஒண்ணும் இல்லையே தம்பி. இவ்வளவுதான்." குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பெஞ்சு இருந்த இடத்தில், தரை வெளுத்திருந்த இடத்தில், அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியும்க்கா" என்றான். "பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே தெரியும். காப்பி குடுக்க வந்தவ, டம்ளரக் கீழ வைக்கையில, கிணத்தடிக்கு வாங்க ஒரு விசயம் சொல்லணும்னா. எனக்கு வலிப்பு இருந்துச்சு, இப்ப இல்ல, இனி வருமான்னு தெரியாது, பிடிக்கலன்னா ஜாதகம் பொருந்தலன்னு சொல்லிருங்கன்னா. அவளப் பெத்த எங்க அத்தைக்கு அவ சொன்னது கடைசிவரைக்கும் தெரியாது. எங்க அம்மைக்கு இன்னும் தெரியாது. ஒரு தடவை அவளுக்குக் காச்சல்னு வந்தப்ப நீங்க அந்தப் பக்கம் போனியள்லா, நான் எடுத்துப் படிச்சேன். இருந்த மாதிரியே வச்சுட்டேன்."

ஆறு வருஷம். ஒரே குண்டூசி. நான் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை அவன் படித்துவிட்டு மடிப்புக் கலையாமல் வைத்திருக்கிறான்.

"நேத்து காலையில அவளுக்கு வந்துட்டுக்கா" என்றான். "மாவு ஆட்டிக்கிட்டிருந்தா. ரெண்டு நிமிசம். அம்மைகிட்ட பித்த மயக்கம்னு சொல்லி, செக்கப்புன்னு தூத்துக்குடிக்குக் கூட்டிட்டுப் போயிட்டேன். அந்த டாக்டரம்மா, முந்தி ஒத்துக்காத மாத்திரை எது, அது பேரு தெரியாம நான் எதையும் தைரியமா எழுத முடியாதுங்கா. புள்ளத்தாச்சி வேற. இன்னைக்கு ராத்திரிக்குள்ள அட்டையோட வாங்கன்னு சொல்லிருக்கா. அவளுக்குப் பேரு ஞாபகம் இல்ல, ரோஸ் கலர்ங்கா. டாக்டரய்யாவுக்குப் போன் போட்டேன். ஹெப்சிபாக்கா அய்யா கையில குடுத்தா. அவிய என்ட்ட, மழை பெய்யுதா தம்பின்னு கேட்டாவ." எழுந்து கட்டை மேஜைமேல் வைத்தான். "பொய் சொல்லாதீங்கக்கா. அது எங்க?"

நான் வாளியைப் பார்த்தேன். அவன் கண் என் கண்ணைப் பின்தொடர்ந்து வாளிக்குப் போனது. அய்யோ என்றான், சத்தமில்லாமல். தண்ணீருக்குள் என் அறிவும் முங்கிக் கிடந்தது, போச்சு, எழுத்தெல்லாம் ஓடிப்போயிருக்கும், சுவரில் நீலமாக ஒரு கோடு, ஆற்றோடு போய்க் கடலில், உதடு வீங்கிக் கண் மூடிப்போய், இந்தத் தடவை வயிற்றுப் பிள்ளையோடு, நீலக் கோடு, நீலக் கோடு என்று அதிலேயே சுற்றிச் சுற்றி, பிறகு எங்கேயோ ஒரு இடத்தில் தட்டி நின்றது. வாளித் தண்ணீர் நீலமாக இல்லை. வியாழக்கிழமையிலிருந்து எத்தனை வாளி, ஒரு வாளிகூட நீலமாகவில்லையே. "பென்சிலு" என்றேன். "தம்பி, பென்சிலு!" அவனுக்குப் புரியவில்லை. நான் சேலையைச் செருகிக்கொண்டு வாளியைத் தரையில் கவிழ்த்தேன்.

தரை முழுக்க ஊர்ச் சனம். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் முழங்காலில் நின்று தேடினோம், மஞ்சளாக இருப்பதையெல்லாம் எடுத்தோம், பழைய அட்டை முக்கால்வாசி மஞ்சள்தான். அவன் ஒன்றை எடுத்து, "இதா?" என்பான். "இது மாசானம், வை." "இது?" "கனகமணி மாமியார்." ஏழு துண்டு கிடைத்தது. ஈரத்தில் கூழ் பதத்துக்கு வந்து, கையில் எடுத்தால் வளைந்தது. மேஜையில் வைத்தால் எழுத்து ஈர மினுமினுப்பில் தெரியவில்லை, சாய்த்துப் பிடித்தால் துண்டு கிழிகிறது. உள்ளறைக்கு ஓடி எக்ஸ்ரே பெட்டியின் சுவிட்சைப் போட்டேன். இரண்டு தடவை கண்ணடித்தது, மூன்றாவது தடவை எரிந்தது. ஈரத் துண்டுகளை அந்தக் கண்ணாடியில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். பிடித்துக்கொண்டன. வெளிச்சம் அட்டைக்குப் பின்னாலிருந்து வர, டாக்டரின் எழுத்து எழுந்து நின்றது, சின்னச் சின்னதாக, ஒரு கால்கூடக் கலையாமல். சுற்றிலும் ஒரே வெளி என்று ஒரு துண்டு. ச்சமா இருந்துச்சு என்று அடுத்தது. ஜெயபால் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த துண்டில், ஒத்துக்கொள்ளவில்லை, உதடு வீக்கம், இனி எக்காலத்திலும் கொடுக்கக் கூடாது, கீழே இரண்டு கோடு, இரண்டாவது கோடு அட்டை அழுந்தும்படி. எதைக் கொடுக்கக் கூடாது? அதற்கு மேல் வரி எட்டாவது துண்டில்.

வாளியின் உள்பக்கம் பார்த்தான், கவிழ்த்த இடம் பார்த்தான், கதவிடுக்கில் பார்த்தான். நான் பெட்டி வெளிச்சத்தில் கையை உதறிக்கொண்டு நிற்கிறேன், முழங்கைக்குப் பக்கத்தில் என்னமோ சில்லென்று இருக்கிறது. "அக்கா அசையாதிய" என்றான். கிட்டே வந்து, என் கையில் ஒட்டியிருந்ததை நகத்தால் ஓரம் கிளப்பி, குழந்தைக்குக் காயத்துக் கட்டு எடுக்கிற மாதிரி மெதுவாக உரித்து எடுத்து, கண்ணாடியில் அதன் இடத்தில் வைத்தான். பொருந்தியது. ஆங்கில எழுத்து, ஒவ்வொன்றாக உதட்டை அசைத்துப் படித்தான், நானும் கூடவே படித்தேன், இரண்டு பேரும் வாய்விட்டு இரண்டு தடவை. போனில் படம் பிடித்தான். அப்புறமும் திருப்தி வராமல் சட்டைப் பையைத் தடவினான், மண்டிச் சீட்டு ஒன்றை எடுத்து வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிச் சுவரில் வைத்துக்கொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றினான். கழற்றியவன் தன் ஈரக் கையைப் பார்த்தான், தரையில் நிற்கிற தண்ணீரைப் பார்த்தான், பேனாவைத் திரும்பப் பைக்குள் வைத்தான்.

"எஸ்தரக்கா, ஒரு பென்சில் தாங்க" என்றான்.

கைப்பைக்குள் கைவிட்டேன். அம்மா கட்டுக்குக் கீழே, தகர டப்பா கிடந்தது.